தசைக்குக் கட்டளை தருவது யார்?

1937ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் புனே நகருக்கு வந்து இறங்கினார். வயது பதினெட்டு. டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாத காலம் யோகாசனம் கற்பித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது குருநாதர் கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு இட்ட பணி. ஊர் புதிது, மராத்தி மொழியோ தெரியாது. ஆயினும் வந்தவர் திரும்பவில்லை. 2014ஆம் ஆண்டில் இதே நகரில் காலமாகும் வரையில் புனேயே அவருடைய ஊராயிற்று. அவர்தாம் பி.கே.எஸ். ஐயங்கார். ஆறு மாதம் என்று எண்ணிப் புறப்பட்டு ஆயுளையே இங்குக் கழித்துவிட்ட நம்மவர் பலருக்கு இக்கதை புதிதன்று.

அவர் கற்பித்த ஆசனங்களுள் பார்வைக்கு மிக எளியது சவாசனம். மல்லாந்து படுத்துக் கைகால்களைத் தளரவிட்டு, பிணம்போலக் கிடப்பது. ஆனால் கைவரப் பெறுவதற்கு மிகக் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று என்பது ஐயங்காரின் கருத்து. இக்கருத்தில் உடற்கூற்று நூலார் ஒப்புக்கொள்ளத்தக்க ஓர் உண்மை இருக்கிறது. ஆசனத்தின் பெயர்தான் சற்றே பொருந்தாது. உண்மையான பிணம் தளர்ந்து கிடப்பதில்லை. உயிர் பிரிந்த சில மணி நேரத்திற்குள் உடல் விறைத்துப்போகிறது. இதை நம் பெரியவர்கள் நன்கறிவார்கள். ஆகையினாலேதான் தாமதியாது தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்து, கைகளை ஒழுங்குபடுத்திவிடுகிறார்கள்.

உயிர் போனபின் தசை ஏன் தளராமல் இறுகுகிறது? சுருங்குவதுதான் வேலை, தளர்வது ஓய்வு என்றல்லவா நாம் எண்ணுகிறோம்? தளர்வதற்கும் தசை உழைக்கிறது; உழைப்பதற்குப் பொருளின்றி நின்றுவிட்டால் இறுகிக்கொள்கிறது என்பதே இதற்கு விடை. இந்த விடையை அடைய மனிதருக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. அவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குவது நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலே அடங்கியுள்ள கால்சியம். எலும்புக்கும் பல்லுக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்டிருந்த அப்பொருள் எவ்வாறு தசையின் தூதனாயிற்று என்பதே இன்றைய பேச்சு.

நரம்பிலே ஓடுவது மின்சாரம் என்பது, இத்தாலிய நாட்டுக் கால்வானி 1791இல் தம் தவளைக்கால் சோதனைகளை வெளியிட்ட நாள் முதலே ஊகிக்கப்பட்டது. மூளையிலிருந்து செய்தி மின்துடிப்பாக வருகிறது, தசையின் மேற்பரப்பில் பரவுகிறது, தசை சுருங்குகிறது. ஆனால் மேற்பரப்பில் ஓடும் மின்துடிப்பு உள்ளே கிடக்கும் இழைகளை எப்படி இழுக்கிறது? தந்தி வந்தது, ஆள் புறப்பட்டான், தந்தியை அவன் கையில் கொடுத்தவர் யார்? அது தெரியவில்லை.

இனி இலண்டனுக்குச் செல்வோம். அங்கே யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் இருந்தார். நோயாளிகளைப் பார்க்கும் கடமைக்கு இடையே கிடைத்த நேரங்களில் ஆராய்ச்சிக்கூடத்திற்குள் நுழைந்து தவளையின் இருதயத்தை வைத்துக்கொண்டு சோதனை செய்வது அவர் வழக்கம். வெளியே எடுத்த இருதயத்தை உப்புநீரில் இயங்கவைத்து, எந்த உப்பு எவ்வளவு வேண்டும் என்று அளந்தார். வெறும் சோற்றுப்பு நீரிலேயே இருதயம் வெகுநேரம் துடிக்கிறது என்று 1882ஆம் ஆண்டில் எழுதியும் வெளியிட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள் அதே சோதனை பலிக்கவில்லை. துடிப்பு படிப்படியாகத் தளர்ந்து, இருபது நிமிட அளவில் நின்றுபோயிற்று. ரிங்கர் விசாரித்தார். முன்பு உப்பைக் கரைத்தது காய்ச்சி வடித்த நீரில் அன்று, குழாய்த் தண்ணீரில் என்பது அப்போதுதான் தெரிந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும்போது மெனக்கெட்டு நீரைக் காய்ச்சி வடிப்பானேன் என்று உதவியாளர் எண்ணிவிட்டாராம். இலண்டனுக்கு நியூ ரிவர் நிறுவனம் வழங்கிய அந்த நீரில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 38 பங்கு கால்சியம் இருந்தது. அந்தச் சிறு அளவே தவளையின் இருதயத்தை இயக்கியது. 1883இல் ரிங்கர் மறு கட்டுரை எழுதினார். முந்தைய கட்டுரையில் சொன்னது பிழை, காரணம் குழாய் நீர் என்று ஒளிவுமறைவின்றித் தெரிவித்து, கால்சியமின்றி இருதயம் சுருங்காது என்பதை நிலைநாட்டினார். தம் தவற்றை அச்சிலேற்ற அஞ்சாதவர்க்குக் கிடைத்த பரிசு அது. பிற்காலத்தில் லாக்டேட் சேர்க்கப்பட்டு, இன்று நம் மருத்துவமனைகளில் நோயாளிகளின் கட்டிலருகே தொங்கும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டில் அவர் பெயரைத் தாங்கி நிற்பதே.

எனினும் ஒரு சிக்கல் இருந்தது. கால்சியமின்றி இருதயம் நின்றுவிடுகிறது. தவளையின் கால் தசையோ சுற்றியுள்ள நீரில் கால்சியம் இல்லாதபோதும் நெடுநேரம் சுருங்கி விரிகிறது. இருதயமும் தசை, காலும் தசை. ஒன்றுக்கு உயிரானது மற்றொன்றுக்கு வேண்டாததாயிருப்பது எங்ஙனம்? இந்த வேற்றுமையைச் சற்று நினைவில் வையுங்கள். நூறாண்டு கழித்து இக்கதையின் முடிச்சு அவிழ்வது இங்கேதான்.

இதற்கிடையே தசை எதை எரித்து உழைக்கிறது என்ற வேறொரு கேள்விக்கு விடை கிடைத்தது. அவ்விடை நம் சென்னையோடு தொடர்புடையது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பராவ் சென்னையில் படித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்பர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராயிருந்து, 1923இல் கடல் கடந்து ஹார்வர்டு சென்றார். அங்கே பிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் பிரித்தெடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனித்து ஏ.டி.பி.யைக் கண்டார். உயிரின் செலாவணி என்று சொல்லத்தக்க பொருள் அது. சுப்பராவ் 1948இல், ஐம்பத்து மூன்று வயதில், அயல் மண்ணிலேயே மறைந்தார். அவருடைய கதை ஒரு தனிப்பேச்சுக்கு உரியது. இங்கே இம்மட்டில் நிறுத்துகிறேன்.

ஏ.டி.பி. விறகு. விறகு இருந்தும் அடுப்பு எந்நேரமும் எரிவதில்லையே, ஏன்? ஹங்கேரி நாட்டுச் செந்த்-ஜியார்ஜி 1940களின் தொடக்கத்தில் தசையினின்று ஆக்டின், மயோசின் என்னும் இரு புரதங்களை எடுத்து இழையாக்கி, அதில் ஏ.டி.பி.யை விட்டார். இழை கண்ணெதிரே சுருங்கியது. உயிரற்ற இழை உயிருள்ளதுபோல அசைந்தது கண்டு அவர் அடைந்த வியப்பு பெரிது. ஆனால் உயிருள்ள தசையில் இவ்விரு புரதங்களும் ஏ.டி.பி.யும் எப்பொழுதும் ஒருசேர இருக்கின்றன. அப்படியானால் தசை ஓயாது சுருங்கியல்லவா கிடக்க வேண்டும்? யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள், யாரோ விடுவிக்கிறார்கள்.

விடுவிப்பது கால்சியமே என்று அமெரிக்க அறிஞர் ஹைல்பிரன் துணிந்து சொன்னார். 1947இல் அவரும் வீர்சின்ஸ்கியும் தவளைத் தசையிழைத் துண்டுகளுக்குள் ஒவ்வோர் உப்பாகச் செலுத்திப் பார்த்தார்கள். உடலில் இயல்பாக உள்ள உப்புகளுள் கால்சியம் ஒன்றே இழையைச் சுருக்கியது. வழக்கு முடிந்தது என்று நாம் எண்ணலாம். ஆனால் அறிவியல் உலகம் ஒப்பவில்லை. தசை ஆராய்ச்சியில் பேரறிஞரும் நோபல் பரிசு பெற்றவருமான ஏ.வி. ஹில், அடுத்த ஆண்டில் ஒரு கணக்குப் போட்டார். தசையிழையின் மேற்பரப்பிலிருந்து ஒரு பொருள் கசிந்து இழையின் நடுவே போய்ச் சேர எவ்வளவு காலமாகும்? விடை: தசை சுருங்க எடுக்கும் காலத்தைவிட மிக அதிகம். தூதன் நடந்து போய்ச் சேருமுன் போரே தொடங்கிவிடுகிறதே, பின் அவன் எப்படித் தூதனாவான்? கணக்கிலே பிழையில்லை. ஆகவே கால்சியக் கொள்கை பலரால் கைவிடப்பட்டது.

கணக்குச் சரிதான். ஆனால் தூதன் மேற்பரப்பிலிருந்துதான் புறப்படுகிறான் என்று கொண்டதே தவறு. இதைத் தெரிவிக்கக்கூடிய சான்று அப்போதே அச்சில் இருந்தது என்பதுதான் வியப்பு. 1902ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் பாவியா நகரில் வெராட்டி என்பவர் தசையிழைகளை வெள்ளி உப்பால் கறுக்கச் செய்து நுண்ணோக்கியில் பார்த்து, இழையின் குறுக்கே வலைபோலப் பின்னிக் கிடக்கும் அமைப்பை அழகுற வரைந்து வெளியிட்டிருந்தார். அதை ஏறத்தாழ அரை நூற்றாண்டு எவரும் பொருட்படுத்தவில்லை. 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்து அதே வலையைக் காட்டியபோதுதான் வெராட்டியின் படங்களை நூலகத்திலிருந்து தூசு தட்டி எடுத்தார்கள்.

அந்த வலை இரண்டு பகுதிகளாலானது. மேற்பரப்புச் சவ்வே குழல் குழலாகக் குடைந்து உள்ளே செல்வது ஒன்று. அதைக் குறுக்குக் குழல் என்போம். அக்குழலை இருபுறமும் அணைத்துக்கொண்டு கிடக்கும் மூடிய பைகள் மற்றொன்று. அதைப் பத்தாயம் என்றே அழைக்கலாம். கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் டெய்லரும் மயிரினும் நுண்ணிய கண்ணாடிக் குழாயைத் தசையிழையின் மீது வைத்துச் சிறிது மின்சாரம் செலுத்தி, 1958இல் முழு விவரத்தை வெளியிட்டார்கள். எங்குத் தொட்டாலும் இழை சுருங்கவில்லை. குறிப்பிட்ட சில புள்ளிகளில் தொட்டால் மட்டுமே அவ்விடத்துப் பகுதி உள்நோக்கிச் சுருங்கியது. அப்புள்ளிகள் குறுக்குக் குழல்கள் தொடங்கும் இடங்கள். ஆகவே மின்துடிப்பு இழையின் ஆழத்திற்கே குழல் வழியாகச் சென்றுவிடுகிறது. ஹில்லின் கணக்கு இதனால் பொய்க்கவில்லை, வேண்டாததாயிற்று.

பத்தாயத்தில் இருப்பது என்ன? இவ்விடத்தில் ஜப்பானியர் ஒருவர் வருகிறார். டோக்கியோவைச் சேர்ந்த எபாஷி செட்சுரோ, தசையைத் தளரச் செய்யும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். தசைச் சாற்றிலே அப்படியொன்று உண்டு என்று 1951 முதலே தெரியும். அது ஏதோ கரையும் பொருளாயிருக்கும் என்று எல்லோரும் தேட, எபாஷி அது கரையும் பொருளன்று, நுண்துகள் என்றார். 1950களின் இறுதியில் நியூயார்க்கில் லிப்மன் என்னும் பெரியாரின் கூடத்தில் பணிபுரிந்தபோது அத்துகள்கள் கால்சியத்தை வெகு விரைவாக உறிஞ்சிக்கொள்வதைக் கண்டார். உடைந்துபோன பத்தாயத்தின் துண்டுகளே அவை. தளர்வு என்பது வேறொன்றுமன்று. சிதறிய கால்சியத்தை மீண்டும் பத்தாயத்தில் அள்ளிக் கொட்டுவதே. அதற்கு ஏ.டி.பி. செலவாகிறது. ஜெர்மனியில் ஹாசல்பாக்கும் மாகினோசேவும் இதே முடிவுக்குத் தனி வழியில் வந்தார்கள். பிணம் விறைப்பதன் காரணம் இப்போது விளங்கும். அள்ளிக் கொட்டுவாரின்றிக் கால்சியம் கசிகிறது. ஒன்றைவிட்டு ஒன்று விலக ஏ.டி.பி. இன்றி ஆக்டினும் மயோசினும் பிணைந்தபடியே நின்றுவிடுகின்றன.

எபாஷி சொன்னதை அப்போது பலர் நம்பவில்லை. கால்சியம் போன்ற எளிய உப்பா இவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்ற ஏளனம் ஒன்று. மற்றொன்று, ஆராய்ச்சிக்கூடத்தில் கால்சியம் சேர்க்காமலே தசைப்புரதங்கள் சுருங்கிக் காட்டின. இதற்கு விடை ரிங்கரின் விடையேதான்! புரதங்களைச் சுருங்கச் செய்யப் போதுமான கால்சியம், தூய்மையானவை என்று எண்ணப்பட்ட மருந்துப் பொருள்களிலேயே அழுக்காகக் கலந்திருந்தது. கால்சியத்தைக் கவ்விப் பிடித்து நீக்கும் பொருள்களைக் கொண்டு அன்னமேரி வெபர் என்னும் பெண்மணியும் எபாஷியும் அவ்வழுக்கை நீக்கியதும் சுருக்கம் நின்றது. அணுவளவு கால்சியம் சேர்த்ததும் திரும்பியது. எண்பது ஆண்டு இடைவெளியில் ஒரே தவறு இருமுறை நேர்ந்து, இருமுறையும் ஒரே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. ஓய்விலிருக்கும் தசையணுவினுள் தனித்து உலவும் கால்சியம், வெளியே உள்ளதில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. அவ்வளவு வெறுமையாக வைத்திருப்பதால்தான் சிறிது சேர்ந்தாலும் அது செய்தியாகிறது. அமைதியான அறையிலல்லவா ஊசி விழும் ஓசை கேட்கும்?

1960களின் நடுவில் எபாஷி டிரோப்போனின் என்னும் புரதத்தையும் கண்டறிந்தார். ஆக்டினும் மயோசினும் பற்றிக்கொள்ளாமல் தடுத்து வைத்திருக்கும் பூட்டு அது, கால்சியம் சாவி. கப்பலடியில் ஒட்டிவளரும் கொட்டலசு என்னும் கடலுயிரின் பருத்த தசையிழைக்குள், கால்சியம் பட்டால் ஒளிரும் ஒரு சொறிமீன் புரதத்தைச் செலுத்தி, சுருக்கம் தொடங்குமுன் ஒளி மின்னுவதை 1967இல் ரிட்ஜ்வேயும் ஆஷ்லியும் காட்டினார்கள். தூதன் கண்ணுக்கே தெரிந்துவிட்டான்.

இனி எஞ்சிய கேள்வி ஒன்றே. குறுக்குக் குழலில் வந்த மின்துடிப்பு, பத்தாயத்தின் கதவை எப்படித் திறக்கிறது? குழலும் பத்தாயமும் ஒட்டியிருக்கவில்லை. இடையே ஒரு சந்து உண்டு. ஒரு சென்டிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு அகலம். அச்சந்தின் குறுக்கே வரிசையாகச் சிறு கால்கள் ஊன்றி நிற்பதை இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்ற கிளாரா பிரான்சினி-ஆம்ஸ்டிராங் என்னும் அம்மையார் 1970இல் படமெடுத்தார். 'பாதங்கள்' என்றே அவற்றுக்குப் பெயரிட்டார். அவர் கணவர் கிளே ஆம்ஸ்டிராங்கும் தோழர்களும் 1972இல், சுற்றுப்புறத்திலிருந்து கால்சியத்தை அறவே கவ்வி நீக்கியபோதும் தவளைத் தசை துடிப்பதை ஐயமற நிறுவினார்கள். அடுத்த ஆண்டில் ஷ்னைடர், சாண்ட்லர் என்னும் இருவர், குழல் சவ்வினுள்ளே மின்னூட்டம் பெற்ற ஏதோ ஒன்று இம்மியளவு இடம்பெயர்வதை அளந்தார்கள். கயிற்றை இழுத்தால் அடைப்பான் எழும்புவதுபோல, அந்த இடப்பெயர்ச்சியே பத்தாயக் கதவை நேரே இழுத்துத் திறக்கிறதோ என்பது அவர்கள் ஊகம். உயிரணுவுக்குள் கயிறும் கப்பியுமா என்று பலர் நகைத்தனர்.

கதவுகள் அகப்பட்டது இரண்டு மருந்துகளால். முதலாவது, தென்னமெரிக்காவிலும் டிரினிடாடிலும் வளரும் ரையானியா என்னும் செடியின் நஞ்சு. பூச்சிகளின் தசையைத் தாக்கிக் கொல்வதால் 1940களில் பூச்சிமருந்தாகப் பயன்பட்டது. இந்த ரையனோடின் எந்தப் புரதத்தைப் போய்ப் பற்றுகிறது என்று தேடி, பிளைஷரும் பிறரும் 1987இல் அப்புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பார்த்தால், பிரான்சினி அம்மையாரின் பாதங்களே அவை! நான்கு ஒத்த துண்டுகள் சேர்ந்த பெரும் புரதம். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் மொத்தம் 574 அமினோ அமிலங்கள். இதிலோ ஏறத்தாழ இருபதினாயிரம். இதை உள்வாயில் என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டாவது மருந்து டைஹைட்ரோபிரிடின் இனத்தது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நேயர்களில் பலர் நாள்தோறும் அதை விழுங்குபவராயிருக்கக்கூடும். இரத்த அழுத்தத்திற்குத் தரும் அம்லோடிபின் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இது பற்றும் புரதம் குறுக்குக் குழலில் இருக்கிறது; மின்துடிப்பை உணர்வது; கால்சியத்தை வெளியிலிருந்து உள்ளே விடவும் வல்லது. இதை வெளிவாயில் என்போம். 1987இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் நூமா ஷோசாகு என்பவரின் குழு இதன் மரபணுவைப் படித்து முடித்தது.

வெளிவாயிலும் உள்வாயிலும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று திறந்தால் மற்றொன்று திறக்கிறது. எப்படி என்பதைக் காட்டியது, பிறவியிலேயே ஊனமுற்ற ஓர் எலியினம். அக்குட்டிகளின் நரம்பு சரியாயிருக்கும். தசையிலே மின்துடிப்பும் ஓடும். தசை மட்டும் அசையாது. மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடனே இறந்துவிடும். 1988இல் தனபே, பீம், நூமா முதலியோர், வெளிவாயிலின் மரபணுவை அவ்வெலியின் தசையணுக்களில் செலுத்தினார்கள். அசையாத தசை துடித்தது. 1990இல் அவர்கள் இன்னும் நுட்பமான காரியம் ஒன்று செய்தார்கள். இருதயத்தின் வெளிவாயிலை அதே தசையில் வைத்தார்கள். அப்போது தசை இருதயம்போல நடந்துகொண்டது, அதாவது வெளியிலிருந்து கால்சியம் வந்தால்தான் சுருங்கியது. பிறகு அந்த இருதய வாயிலின் நடுப்பகுதியில் தொங்கும் ஒரு கண்ணியை மட்டும் வெட்டி, கால் தசையின் கண்ணியை அவ்விடத்தில் ஒட்டினார்கள். உடனே அது கால் தசைபோல நடந்தது. வெளிக் கால்சியம் வேண்டியிருக்கவில்லை.

ரிங்கர் காலத்து வேற்றுமைக்கு விடை இதுவே. பார்வதி மலையின் 103 படிகளை நாம் ஏறும்போது காலும் இருதயமும் ஒருங்கே உழைக்கின்றன; ஆனால் உழைப்பைத் தொடங்கும் முறை வேறு. இருதயத்தில் வெளிவாயில் திறந்து சிறிது கால்சியத்தை உள்ளே விடுகிறது. அச்சிறு கால்சியம் உள்வாயிலைத் தட்டித் திறக்க, பத்தாயத்திலிருந்து பெருவாரியாகக் கால்சியம் கொட்டுகிறது. ஒரு படி நெல்லைக் காட்டி ஒரு மூட்டையை வரவழைப்பது போல. காலிலோ வெளிவாயில் எதையும் உள்ளே விட வேண்டுவதில்லை. தான் அசைந்து, அந்த அசைவாலேயே உள்வாயிலை இயக்கிவிடுகிறது. நகைக்கப்பட்ட கயிறும் கப்பியும் ஏறத்தாழ மெய்யாயின. ஒன்றுவிட்டு ஒரு பாதத்தின் எதிரே நான்கு நான்காக வெளிவாயில்கள் அணிவகுத்து நிற்பதையும் 1988இலேயே பிரான்சினி அம்மையாரின் குழு கண்டிருந்தது.

இரத்த அழுத்த மாத்திரை உண்பவர் ஒருவர், "கால்சிய வாயிலை அடைக்கும் மருந்து என்கிறீர்களே, என் கைகால் ஏன் முடங்கவில்லை?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. இரத்தக் குழாய்ச் சுவரின் தசை, வெளியிலிருந்து வரும் கால்சியத்தைப் பெரிதும் நம்பியிருப்பது, வாயிலை அடைத்தால் தளர்கிறது, அழுத்தம் குறைகிறது. அம்மருந்து அங்குள்ள வாயிலையே விரும்பிப் பற்றுவதும் ஒரு காரணம். கால் தசையோ வாயில் வழியே வருவதை எதிர்பார்த்திருக்கவில்லை.

இவ்விரு புரதங்கள் மட்டும் போதுமா என்ற கேள்வி அதன்பின்னும் நெடுநாள் நீடித்தது. 2017இல் பெர்னி, பீம் ஆகியோர், தசையே அல்லாத, மனிதச் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த உயிரணுக்களில் ஒவ்வொரு புரதமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இரு வாயில்கள், வெளிவாயிலின் துணைத்துண்டு ஒன்று, குழலையும் பத்தாயத்தையும் நெருங்கி நிற்கச் செய்யும் ஒன்று, ஸ்டாக்-3 என்னும் சிறு புரதம் ஆக ஐந்தும் சேர்ந்தபோது அந்த அயலணு தசையைப்போல மின்சாரத்திற்குக் கால்சியத்தை விடுவித்தது. ஒன்று குறைந்தாலும் இல்லை.

வாயில் திறக்காவிட்டால் எலிக்குட்டி இறக்கிறது. மூடாவிட்டால்? இதையும் சொல்லாமல் விடலாகாது, ஏனெனில் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு இது தனிப்பட்ட முறையில் உரியது. சிலருடைய உள்வாயிலில் பிறவியிலேயே ஒரு சிறு மாற்றம் இருக்கும். நாள்தோறும் நடக்கலாம், ஓடலாம். ஒரு குறையும் தெரியாது. ஆனால் அறுவைக்காக ஹாலோதேன் போன்ற ஆவி மயக்க மருந்துகள் சிலவற்றையோ, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலினையோ கொடுத்தால் வாயில் திறந்து மூடாமல் நின்றுவிடுகிறது. பத்தாயம் கொட்டிக்கொண்டேயிருக்க, உடல் முழுதும் தசைகள் இறுகி, ஏ.டி.பி. எரிந்து, காய்ச்சல் கொதித்தேறுகிறது. முற்காலத்தில் இதற்கு ஆளானவருள் பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்தனர். உள்வாயிலை அடக்கும் டான்ட்ரோலின் என்னும் மருந்து பன்றிகளில் பலிப்பது 1975இல் காட்டப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. பன்றிகளுக்கும் இதே குறை உண்டு. அவற்றின் உள்வாயிலில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பது 1991இல் கனடாவில் கண்டறியப்பட்டது.

இம்மாற்றம் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. முன்னாளில் ஒரே ஊரில், ஒரே தெருவில் வாழ்ந்த குடும்பத்தில், "நம் பெரியப்பா மயக்க மருந்திலே போனார், அத்தை மகனும் அப்படியே போனான்" என்ற பேச்சு வீட்டிலே புழங்கிக்கொண்டிருக்கும். இன்று ஒரு பிள்ளை புனேயில், ஒரு பிள்ளை கல்கத்தாவில், பேரன் கடலுக்கு அப்பால். கும்பகோணத்தில் நடந்த சாவின் காரணம் கட்கியில் வளரும் குழந்தைக்குத் தெரிவதில்லை. அறுவைக்கு முன் மருத்துவர், "குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் கேடு விளைந்ததுண்டா?" என்று கேட்கும்போது, சடங்குக் கேள்வி என்றெண்ணி நாம் தலையசைத்துவிடுகிறோம்.

இந்நோய் வெளிப்பட்டதே ஒருவர் அக்கேள்விக்கு விடை வைத்திருந்ததால்தான். 1960ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர், மோட்டார் விபத்தில் கால் முறிந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். முறிந்த காலைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மயக்க மருந்து வேண்டாம் என்று மன்றாடினார். ஈதர் மயக்கத்தில் தம் உறவினர் பத்துப்பேர் இறந்திருக்கிறார்கள் என்றார். மருத்துவர்கள் ஈதரை நீக்கி, அந்நாளில் புதிதாயிருந்த ஹாலோதேனைக் கொடுத்தார்கள். பத்து நிமிட அளவில் அவர் உடல் கொதிக்கத் தொடங்கியது. ஆனால் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்ததால் உடனே மருந்தை நிறுத்தி, பனிக்கட்டிகளை அடுக்கிக் காப்பாற்றினார்கள். டென்பரோ என்னும் மருத்துவர் அக்குடும்பத்தை ஆராய்ந்து உலகுக்கு எழுதினார். அதே இளைஞருக்குப் பின்னொரு சமயம் சிறுநீர்க்கல் அறுவை நேர்ந்தபோது தண்டுவடத்தில் ஊசி போட்டுச் செய்தார்கள். ஒரு கேடும் விளையவில்லை.